கடைசியான் வீட்டு மோட்டார் சைக்கிள்

“போட்டியில எத்தனையாவதா வந்ததுன்னு சொல்லுங்க சார். அது இல்லாம ஏலப் புத்தகத்துல போட முடியாது” என்றாள் மிலானிலிருந்து பேசிய ஏலக் கம்பெனிப் பெண்.

ஒபெர்தான் சவாலோனி தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டு போய் சாப்பாட்டு அறையை எட்டிப் பார்த்தார். பெரியப்பா ஸ்பர்த்தாக்கோ சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், பாத்திர அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே, சிவப்புப் பெல்லாந்தி மோட்டார் சைக்கிள் தூங்கிக்கொண்டிருந்தது.

“பல போட்டிகள்ல கலந்துக்கிட்டதும்மா” என்றார் குரலைத் தாழ்த்தி.

“கலந்துக்கிட்டது சரி. வந்தது?”

“வந்துரும். எல்லாத்துலயும் வந்து சேர்ந்துரும். நடுவுல நின்னதே கிடையாது.”

“எத்தனையாவதா சார்?”

ஒபெர்தான் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுபவர். ஒருமுறை மேயரின் மாமியார் தன் வயதில் நாலைக் குறைத்து எழுதச் சொல்லிக் கண்ணீர் விட்டும் குறைக்காதவர். அப்படிப்பட்டவருக்கு அன்று நெற்றியில் வியர்த்தது.

“முதல் மூணு இடத்துக்குள்ளயா சார்?” என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“ம்” என்றார் ஒபெர்தான்.

“மூணாவதுன்னு போட்டுக்கறேன். அருமை!”

தொலைபேசியை வைத்தார். காது மடல் சுட்டது.

விஷயம் இதுதான். எங்கள் ரொமாஞ்ஞாச் சீமையில் ஞானஸ்நானப் பெயர் என்பது சாமியாருக்கும் போலீசுக்கும் மட்டும். மற்றபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. காப்பிக்கடை மெதார்தோவின் குடும்பம் ‘வெங்காயம்’. கொல்லர் குடும்பம் ‘தவளை’. யாரும் வருத்தப்படுவதில்லை. தாத்தாவின் தாத்தா ஏதோ செய்திருப்பார். இப்போது அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒபெர்தானின் குடும்பத்துக்குப் பெயர் ‘கடைசியான்’. அதைச் சம்பாதித்தவர் உயிரோடு இருந்தார், அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டு.

ஸ்பர்த்தாக்கோ இளவட்டமாக இருந்தபோது, வசந்த காலத்து ஞாயிறுகளில் கடலோர ஊர்த் தெருக்களில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் ஒன்றுவிடாமல் ஓடினார். முடிவுப் பட்டியல் மறுநாள் சுவரில் ஒட்டப்படும். அவர் பெயரைத் தேடச் சிரமப்பட வேண்டாம். கீழேயிருந்து படித்தால் போதும். ஐந்தாறு வருடம் இப்படி ஓடியபின் ஒருநாள் வண்டியைக் கழுவித் துடைத்துச் சாப்பாட்டு அறையில் நிறுத்தினார். அதற்குப் பின் அந்த வீட்டில் பந்தயம் என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை.

எங்கள் ஊர் பண்புள்ள ஊர். அவர் முகத்துக்கு நேரே யாரும் ‘கடைசியான்’ என்று சொன்னதில்லை. மற்றவர்களிடம் அந்தப் பண்பைக் காட்டவில்லை, அவ்வளவுதான். ஒபெர்தான் பள்ளியில் கணக்கில் நூறு வாங்கியபோது, ‘கடைசியான் பையன் முதலா வந்துட்டான்’ என்று ஊரே சிரித்தது. கல்யாணத்தன்று மணப்பெண் நெரீனாவின் அத்தை, ‘கடைசியான் வீடா? போகட்டும், வந்து சேர்ந்தா சரி’ என்று கோவில் வாசலிலேயே சொன்னாள்.

இப்போது எண்பதைத் தாண்டிய ஸ்பர்த்தாக்கோ ஒருநாள் காலைக் காப்பியின்போது, “வண்டியைக் குடுத்துரலாம்டா” என்றார். “எனக்கப்புறம் யாரு இதை உதைச்சுக் கிளப்பப் போறா? ஓட விடறவன் ஒருத்தன் கையில போகட்டும்.” பெல்லாந்தி செய்த பட்டறை எப்போதோ மூடிவிட்டது, மிச்சமிருக்கும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏலக் கம்பெனி துள்ளிக் குதித்தது. வண்டியின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்றது.

அந்த ஒரு பக்கம்தான் இப்போது ஒரு ‘ம்’மில் வந்து நின்றிருந்தது.

மறுநாள் மிலானிலிருந்து அச்சுக்குப் போகும் நகல் ஃபேக்ஸில் வந்தது. ஊரில் ஃபேக்ஸ் இருந்த ஒரே இடம் மெதார்தோவின் காப்பிக்கடை. ஒபெர்தான் உள்ளே நுழைந்தபோது மெதார்தோ கல்லா மேசையின் மேல் ஏறி நின்று அதைச் சத்தமாகப் படித்து முடித்திருந்தார்.

“மூணாவதா?” என்றார் மெதார்தோ. “ஏண்டா கடைசியான், பொய் சொல்றதுன்னு இறங்கிட்ட. அதுல என்னடா கஞ்சத்தனம்?”

“மெல்லப் பேசு மெதார்தோ. தெரியாம வாயில வந்துருச்சு. இன்னிக்கே ஃபோன் பண்ணி எடுக்கச் சொல்லிடறேன்.”

“எடுத்துட்டு? கடைசின்னு போடுவியா? உங்க பெரியப்பாவைப் பத்தி இந்த ஊருக்குத்தான் தெரியும். அந்தப் புத்தகம் லண்டன் வரைக்கும் போகுமாம்ல?”

லண்டனில் யாரோ ஒருவன் புத்தகத்தைப் பிரித்து, ‘கடைசியான்’ என்று ஆங்கிலத்தில் சிரிப்பதை ஒபெர்தானால் கேட்க முடிந்தது.

மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமலே சொன்னார். “மூணாவதுன்னு சொன்னா, முன்னால போன ரெண்டு பேரு யாருன்னு கேப்பான். முதலாவதுன்னா முன்னால யாருமே இல்ல. கேள்விக்கே இடமில்ல.”

இதில் இருந்த நியாயத்துக்குக் கடையே தலையாட்டியது.

“வேணாம்” என்றார் ஒபெர்தான். “யாரும் எதையும் தொடாதீங்க. சாயங்காலம் நானே பேசறேன்.”

அவர் அலுவலகம் திரும்பிப் போனதும் ஊர் அவருக்கு உதவி செய்தது. அவர் பெயரிலேயே மிலானுக்கு ஒரு ஃபேக்ஸ் போயிற்று. அதன்படி ஸ்பர்த்தாக்கோ சவாலோனி கடைசிச் சுற்றில் முன்னணியில் வந்துகொண்டிருக்கையில் ஒரு கன்னியாஸ்திரி முட்டைக் கூடையோடு குறுக்கே வந்தார். ஸ்பர்த்தாக்கோ வண்டியைத் திராட்சைத் தோட்டத்துக்குள் இறக்கி, இரண்டு கொடி வரிசைக்கு நடுவே முழு வேகத்தில் ஓட்டி, வாயில் ஒரு திராட்சைக் கொத்தோடு மறுபடி பாதையேறி முதலாவதாக வந்தார். முட்டை ஒன்றும் உடையவில்லை.

சாயங்காலம் இதைக் கேட்ட ஒபெர்தான் கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

“அடப்பாவிகளா, பந்தயம் நடந்தது ஏப்ரல்ல. ஏப்ரல்ல ஏதுடா திராட்சை?”

மெதார்தோ யோசித்தார். “சீக்கிரம் காய்க்கிற ரகம்னு இன்னொரு ஃபேக்ஸ் போட்டுரலாம்.”

அதற்குள் மிலான் பெண் வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டாள். நெரீனா வாசலிலேயே கணவரை மறித்தாள்.

“யாருங்க அந்தக் கன்னியாஸ்திரி?”

“உள்ள வரவிடு, சொல்றேன்.”

“அந்தப் பொண்ணு ஃபோன்ல அழுதுட்டா. முட்டை உடையலன்னதும் தாங்க முடியலயாம்.”

ஒபெர்தான் மிலானைத் திரும்பக் கூப்பிட்டார். உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள். சஸ்ஸுவோலோவிலிருந்து டைல்ஸ் தொழிற்சாலை முதலாளி ஒருவர், மொந்தோர்சி என்று பெயர், வண்டியின் படங்களைப் பார்த்துவிட்டு ஏலத்துக்கு முன்பே வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறார். வண்டி ஓட்டியவரைப் பார்க்க வேண்டுமாம். பந்தயத்தைக் கண்ணால் கண்டவர்களையும் பார்க்க வேண்டுமாம்.

“அப்புறம் கோப்பை சார். அதையும் கண்டிப்பா பார்க்கணும்னார்.”

“கோப்பையா?” ஒபெர்தானின் பார்வை அறையைச் சுற்றி வந்து சுவரில் தொங்கிய மாதா படத்தில் நின்றது. “அது... கோவிலுக்குக் காணிக்கையா குடுத்துட்டோம்மா.”

“அடடா! எவ்வளவு பெரிய மனசு! அதையும் புத்தகத்துல சேர்த்துக்கறேன்.”

நெரீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “உண்மையைச் சொல்லத்தானே கூப்பிட்டீங்க?”

“ஆமா.”

“மாதாவையும் சேர்த்துக்கிட்டீங்க.”

மறுநாள் பங்குச் சாமியார் தோன் ஃபியொரென்சோ ஒபெர்தான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஒபெர்தானு, நான் பொய் சொல்ல மாட்டேன். அது உனக்கே தெரியும்.”

“தெரியும் சாமி. அதனாலதான் எனக்கும் வெக்கமா இருக்கு.”

“ஆனா அலமாரியில ஒரு கோப்பை இருக்கு. உருட்டுப் பந்துப் போட்டியில நம்ம பங்கு ஜெயிச்சது. அதைக் கொண்டுவந்து உன் வீட்டு மேசை மேல வைக்கிறேன். ஒரு பொருளை மேசை மேல வைக்கிறது பொய்யா?”

“இல்ல சாமி.”

“எழுத்து வெட்டியிருக்கிற பக்கத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வைக்கிறேன். திருப்பறது பொய்யா?”

“இல்ல சாமி.”

“யாராச்சும் கேள்வி கேட்டா இருமறேன். இருமல் பொய்யில்ல. எனக்குப் போன குளிர்காலத்துல இருந்து இருக்கு.”

ஒபெர்தான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தனியாகப் பொய் சொன்னபோது இருந்த பாரத்தைவிட, சாமியாரையும் கூட்டு சேர்த்துக்கொண்டபின் பாரம் கூடியிருந்தது.

சனிக்கிழமை சாப்பாட்டு அறையில் பெரியப்பா தரையில் செய்தித்தாளை விரித்துப் போட்டுத் தன் கறுப்புச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையை நெரீனாவிடம் கொடுத்து இஸ்திரி போடச் சொல்லியிருந்தார். வண்டியைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“வண்டியைப் பத்தி ஏதோ எழுதிக் குடுத்தியாமே” என்றார், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே.

“ஆமா பெரியப்பா.”

“என்ன எழுதினே?”

“சின்னதாத்தான்.”

“அதான் நல்லது” என்றார் பெரியப்பா. “என் விஷயத்துல பெருசா என்ன இருக்கு.”

ஒபெர்தான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கொல்லைப்புறம் போய்க் கோழிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கோழிகளும் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வாசலில் நீளமான கார் வந்து நின்றது. மொந்தோர்சி இறங்கினார், அகன்ற தோள், ஒட்டக நிறக் கோட்டு, கையைக் குலுக்கினால் முழங்கை வரை வலித்தது. பின் இருக்கையில் கம்பளி போர்த்திய ஒரு கிழவர் இருந்தார்.

“எங்க அப்பா. கொஞ்சம் காத்தாட வரேன்னார். அப்பா, நீங்க கார்லயே இருங்க, வந்துடறேன்.”

“இறக்கி விடுடா” என்றார் கிழவர்.

இரண்டு கைத்தடிகளை ஊன்றி நேரே சாப்பாட்டு அறைக்குள் போனார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். நெரீனா ஒரு நாற்காலி கொண்டுவந்தாள்.

“ஐயா, முன்பக்கமா உக்காருங்களேன். அங்கேருந்து பாத்தா நல்லா இருக்கும்.”

“வேணாம்மா. இங்க எனக்குப் பழக்கமான மாதிரி இருக்கு.”

வயதானவர்கள் சொல்வதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? அவரை அங்கேயே உட்காரவைத்து, சூடான இறைச்சிச் சாற்றில் கப்பெல்லெத்திக் கொழுக்கட்டைகள் மிதக்கும் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் மேசைக்கு வந்தார்கள்.

எல்லோரும் என்றால், மெதார்தோவும் சீட்டாட்டக்காரர் மூவரும் கல்யாணக் கோட்டு மாட்டிக்கொண்டு அழைக்காமலே வந்திருந்தார்கள். சாட்சிகளாம். சாமியார் கோப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஸ்பர்த்தாக்கோ மேசைத் தலைமாட்டில் வெள்ளைச் சட்டையோடு, சப்பாத்து மினுமினுக்க, யார் கண்ணையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

“அரைச் சக்கர வித்தியாசத்துல ஜெயிச்சாரு, கண்ணால பாத்தேன்” என்றார் ஒரு சாட்சி.

“அரைச் சக்கரமா? ரெண்டாவது வந்தவன் கண்ணுக்கே தெரியல” என்றார் இன்னொருவர்.

“புழுதியில தெரியாம இருந்திருக்கும்” என்று மெதார்தோ இரண்டையும் ஒட்டவைத்தார்.

மொந்தோர்சி கரண்டியை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். “அந்தக் கன்னியாஸ்திரி?”

“ரெண்டு கன்னியாஸ்திரி.”

“எனக்கு மூணுன்னு ஞாபகம். நடுவுல இருந்தவங்க கையிலதான் முட்டை.”

மொந்தோர்சி ஸ்பர்த்தாக்கோ பக்கம் திரும்பினார். “ஐயா, அந்தச் சமயத்துல உங்களுக்கு எப்படி இருந்தது?”

“எந்தக் கன்னியாஸ்திரி?” என்றார் ஸ்பர்த்தாக்கோ.

“தன்னடக்கம்!” என்று மெதார்தோ மேசையைத் தட்டினார். “எப்பவும் இப்படித்தான். கேட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருப்பாரு.”

ஸ்பர்த்தாக்கோ மெல்ல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் ஒபெர்தானைப் பார்த்தார். ஒபெர்தான் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார்.

“கோப்பையைப் பாக்கலாமா சாமி?” என்று மொந்தோர்சி எழுந்தார்.

தோன் ஃபியொரென்சோ இருமினார். மொந்தோர்சி நின்று பார்த்தார். சாமியார் மறுபடியும் இருமினார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு இருமினார். ஆனால் டைல்ஸ் முதலாளியின் கை நீளம். இருமலுக்கு மேலாக எட்டிக் கோப்பையை எடுத்துத் திருப்பிப் படித்தார்.

“உருட்டுப் பந்து. பங்கு அணி. முதல் பரிசு.” நிமிர்ந்தார். “இது என்ன?”

சாட்சிகள் மூவரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மெதார்தோ ஒருவர்தான் அசரவில்லை.

“அந்தக் காலத்துல எங்க ஊர்ல உருட்டுப் பந்தை மோட்டார் சைக்கிள் மேல உக்காந்துதான் ஆடுவாங்க.”

“போதும்!” என்று எழுந்தார் ஒபெர்தான். நாற்காலி பின்னால் விழுந்தது.

முகம் தக்காளியாகியிருந்தது. மேசை விரிப்பின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“கன்னியாஸ்திரி கிடையாது. திராட்சை கிடையாது. முட்டை கிடையாது. இந்த வண்டி ஒரு போட்டியில கூட ஜெயிச்சதில்ல. மூணாவதுன்னு முதல்ல பொய் சொன்னது நான்தான். சாமிகிட்ட கோப்பை கேட்டதும் நான்தான்.” விரிப்பு இன்னொரு சுற்றுச் சுருண்டது. “எங்க பெரியப்பா ஓடின அத்தனை போட்டியிலயும் கடைசி. எங்க வீட்டுக்கே கடைசியான் வீடுன்னுதான் பேரு. அது அச்சுல வந்துருமேன்னு வெக்கப்பட்டேன். இப்ப அவரை உக்காரவெச்சே சொல்லவேண்டியதாப் போச்சு.”

சாமியாருக்கு நிஜமாகவே இருமல் வந்தது; அடக்கிக்கொண்டார். அந்தப் பட்டப்பெயர் ஸ்பர்த்தாக்கோவின் முன்னால் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. மெதார்தோகூடத் தன் கல்யாணக் கோட்டின் பித்தானை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஸ்பர்த்தாக்கோ கரண்டியை ஓசையில்லாமல் வைத்தார். காதுகள் சிவந்திருந்தன. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“பையன் சொல்றது சரிதாங்க. அந்தப் பேரு எனக்கும் தெரியும். காது கொஞ்சம் மந்தம்தான், செவிடு இல்ல.” மேசையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். “ஓட்டும்போது ஒருநாளும் பின்னால திரும்பிப் பாத்ததில்ல. பாத்து என்ன ஆகப்போகுது? கோட்டைத் தாண்டினா நிக்கவும் மாட்டேன். அப்படியே நேரா வீட்டுக்கு வந்துருவேன். யாரு மூஞ்சியில முழிக்கிறது? மறுநாள் பட்டியல்ல கடைசியா என் பேரு இருக்கும். அவங்க எழுதினது தப்புன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?” ஒபெர்தான் பக்கம் திரும்பினார். “ஆனா உன்னையும் இப்படித் தலைகுனிய வெச்சுட்டேனேடா. அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு.”

மொந்தோர்சி கோப்பையை மேசையில் வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்து, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்பா, வாங்க போலாம். இது கடைசியா வந்த வண்டியாம்.”

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் அசையவில்லை. காலிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். இரண்டு கைத்தடிகளையும் ஊன்றி எழுந்து, கையை நீட்டி வண்டியின் பின் மட்கார்டை, தொலைந்துபோன கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் ஒருமுறை தடவினார். பிறகு மகனைத் தாண்டி, சாட்சிகளைத் தாண்டி, தலைமாட்டில் குனிந்து உட்கார்ந்திருந்த ஸ்பர்த்தாக்கோவின் எதிரே வந்து நின்று சொன்னார்:

“ஒரே ஒருநாள் திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்களுக்குப் பின்னாலயே நான் வந்துக்கிட்டிருந்தது தெரிஞ்சிருக்கும், என்ன பண்றது, நான் கோட்டுக்கு வர்றதுக்குள்ள கோவில்ல பன்னெண்டு மணி அடிச்சுரும், உங்க சீமைக்காரங்க எழுதின வரைக்கும் போதும்னு மேசையையும் கொடியையும் மடக்கிக்கிட்டு சாப்பிடப் போயிருப்பாங்க!”